போலீஸ் வேலையும் மனநல சிகிச்சையும்: டாக்டரிடம் போனால் வேலை போய்விடுமா?

கேள்வி இது: “என் தம்பி மாவட்டக் காவல் நிலையம் ஒன்றில் முதல்நிலைக் காவலர். வயது 33. ஒரு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், வாரம் ஒருமுறை இருந்த குடி தினமும் ஆகிவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால், ‘மென்டல் என்று எழுதி வேலையைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்கிறான். அது உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?”

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. மனநல சிகிச்சை எடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காகக் காவலரை வேலையை விட்டு நீக்க முடியாது. காவலர்கள் வேலையை இழப்பது பெரும்பாலும் வேறு வழிகளில். சொல்லாமல் கொள்ளாமல் 21 நாள் வராமல் இருந்தால் ‘விட்டோடி’ என்று உத்தரவு போடுவார்கள். குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தால் சஸ்பெண்ட். ரோல் காலில், அதாவது வருகை எடுக்கும் கூட்டத்தில், மேலதிகாரியை எதிர்த்துப் பேசினால் 3(பி) சார்ஜ், பெரிய தண்டனைக்கான துறைக் குற்றச்சாட்டு. இந்த மூன்றுமே கவனிக்கப்படாத மனச்சோர்வும் குடியும் கொண்டுபோய் விடுகிற இடங்கள். ஆகவே உங்கள் தம்பி கணக்கைத் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறார். மாத்திரைச் சீட்டைவிட அது இல்லாமல் கழியும் இன்னொரு வருடம்தான் அவர் வேலைக்கு ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள், போலீஸ்காரர் பிரிவு எண் கேட்டால்தான் நம்புவார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 23-ஆம் பிரிவுப்படி நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை. ஸ்டேஷனிலிருந்து யாராவது போன் போட்டு “அவருக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. 21-ஆம் பிரிவு, உடல் நோய்க்குக் கொடுக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு கொடுக்கச் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு, பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பார்த்துவந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது. சில படைப்பிரிவுகளுக்கு விலக்கு கொடுக்க அரசுக்கு இடம் இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. சாதாரண மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை எல்லாம் ‘குறைபாடு’ என்ற அளவுக்கே போகாது. அவை மஞ்சள்காமாலை மாதிரி வந்து, மருந்தெடுத்து, போகிறவை.

ஒரு தீர்ப்பையும் அவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் உதவி கமாண்டன்ட் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் 2021 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவருக்கு எண்ணச் சுழற்சி நோயும் (ஓ.சி.டி.) மனச்சோர்வும் இருந்தன. நடத்தை சரியில்லை என்று துறை நடவடிக்கை எடுத்தார்கள். நடத்தைக்கு நோயும் ஒரு காரணமாக இருந்தால் போதும், அதுவே ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, நோயைக் கணக்கில் எடுக்காமல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகமான பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. அதற்காக மருந்துச் சீட்டு எல்லாத் தவற்றுக்கும் கேடயம் ஆகாது. ஆனால் மெமோவுக்கு விளக்கம் எழுதும்போது கையில் ஒரு வருட மருத்துவப் பதிவு இருப்பவர் நிலை வேறு, எதுவுமே இல்லாமல் “மனசு சரியில்லை ஐயா” என்பவர் நிலை வேறு.

அடுத்தது, நடப்பது என்ன என்று பிரித்துப் பார்ப்பது. ‘ஸ்ட்ரெஸ்’ என்ற ஒரே சொல்லில் ஐந்தாறு வேறு வேறு விஷயங்களைப் போட்டு மூடிவிடுகிறோம். இரண்டு நாள் விடுப்பு கிடைத்தால் முகம் தெளிகிறதா? அப்படியானால் அது பணிச்சோர்வு. ஊருக்குப் போயும் பிள்ளையைத் தூக்கத் தோன்றவில்லை, சாப்பாடு ருசிக்கவில்லை, விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு விழிப்பு வந்து பிறகு தூக்கமே இல்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்கிறது என்றால் மனச்சோர்வு நோய். ஆண்களிடம், அதிலும் சீருடைக்காரர்களிடம், இது அழுகையாக வெளிப்படுவது குறைவு. எரிச்சல், கைநீட்டல், குடி, முதுகுவலி, நெஞ்செரிச்சல் என்று வேறு வேஷத்தில்தான் வரும். ஒரு விபத்தையோ தற்கொலையையோ குழந்தையின் உடலையோ பார்த்த பிறகு அதே காட்சி கனவிலும் நனவிலும் திரும்புகிறது, அந்தத் தெரு வழியாகப் போவதைத் தவிர்க்கிறார், சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார், ஒரு மாதம் தாண்டியும் அடங்கவில்லை என்றால் அது அதிர்ச்சிக்குப் பிந்தைய நோய். அதற்குச் சிகிச்சை முறையே வேறு.

இயற்கைக்கு மாறான மரணங்களில் உடலோடு ஜி.எச். பிணவறைக்குப் போய், அறிக்கை கொடுத்து, அறுத்து முடியும்வரை வாசலில் நின்று, உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு வருவது யார்? பெரும்பாலும் ஒரு காவலர், தனி ஆளாக. அந்த வேலைக்குப் பிறகு யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. தம்பியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: ஒரு வருடத்துக்கு முன் குறிப்பிட்ட கேஸ் ஏதாவது இருந்ததா என்று. சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் தோண்டாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு, அடிக்கடி தவறிப்போவது. கழுத்துப் பருத்து, தொப்பை விழுந்து, சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறவருக்கு இருப்பது தூக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். பகலெல்லாம் சோர்வு, எரிச்சல், மறதி, எல்லாம் மனச்சோர்வு போலவே தெரியும். மாத்திரை மட்டும் கொடுத்தால் சரியாகாது. தைராய்டு, பி12, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

வீட்டிலேயே ஒரு முதல் அளவீடு செய்யலாம். பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் தமிழிலும் கிடைக்கிறது. ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், இருபதோ அதற்கு மேலோ என்றால் அந்த வாரமே. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் விழுந்தால் தள்ளிப்போடக் கூடாது. குடிக்கு ஆடிட் என்ற பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது. 40-க்கு 8-ஓ அதற்கு மேலோ வந்தால் அபாயக் குடி, 20-ஓ அதற்கு மேலோ வந்தால் அடிமைநிலை இருக்கலாம். போலீஸ் வேலைக்கென்றே கனடாவில் மெக்ரியரியும் தாம்சனும் 2006-இல் செய்த கேள்வித்தாள் ஒன்று உண்டு. களத்தில் வரும் அழுத்தம் 20 கேள்வி, துறைக்குள்ளிருந்து வரும் அழுத்தம் 20 கேள்வி, ஒவ்வொன்றும் 1 முதல் 7 வரை. இது நோயைக் கண்டுபிடிப்பதற்கு இல்லை, எது அழுத்துகிறது என்று பிரித்துக் காட்டுவதற்கு. பல நாடுகளில் பார்த்ததில், திருடனும் ரவுடியும் பிணமும் கொடுக்கும் அழுத்தத்தைவிட, ரோஸ்டரும் மேலதிகாரியின் நாக்கும் கொடுக்கும் அழுத்தமே பெரிது என்றுதான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நம் ஊர்க் காவலர் யாரைக் கேட்டாலும் ஆய்வு இல்லாமலே இதைச் சொல்வார்.

ரோஸ்டர் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் இது மனசு பலவீனம் என்ற பேச்சுக்கு இதுதான் பதில். ஒரு பாரா பாயிண்டை, அதாவது காவலுக்கு நிற்கும் ஓர் இடத்தை, 24 மணி நேரமும், எட்டு எட்டு மணி நேரமாக, ஆள் வைத்து ஓட்ட வேண்டும். வருடத்துக்கு 365 பெருக்கல் 3, அதாவது 1,095 ஷிப்ட். ஒரு ஆளுக்கு 52 வார விடுப்பு, இதர விடுப்பும் பயிற்சியும் நீதிமன்ற ஆஜரும் சேர்த்து 45 நாள் கழித்தால் மிஞ்சுவது 268 நாள். 1,095-ஐ 268-ஆல் வகுத்தால் 4.1. ஒரே ஒரு பாயிண்டுக்கு நாலு பேர் வேண்டும். இரண்டே பேரை வைத்து ஓட்டினால் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வார விடுப்பு இல்லை. மூன்று பேர் இருந்தாலும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் கதை முடிந்தது. இது சாதாரண நாள் கணக்கு. இதன் மேல் திருவிழா, வி.ஐ.பி. வருகை, தேர்தல் பந்தோபஸ்து வந்து விழும்.

நாடு முழுவதும் இதே நிலைதான். போலீஸ் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்துக்காக ஐதராபாத் நிர்வாகப் பணியாளர் கல்லூரி 2014-இல் செய்த ஆய்வில், காவல் நிலையப் பணியாளர்களில் சுமார் 90 சதவீதம் பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பதாக வந்தது. தங்கள் ஆட்கள் 11 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பதாக நிலைய அதிகாரிகளில் 68 சதவீதம் பேரும், 14 மணி நேரத்துக்கு மேல் என்று 28 சதவீதம் பேரும் சொன்னார்கள். 2019-இல் வெளியான இந்தியப் போலீஸ் நிலை அறிக்கையில் சராசரியே 14 மணி நேரம், பாதிப் பேருக்கு வார விடுப்பே கிடையாது. தமிழ்நாட்டில் 2021 ஜூலையில் டிஜிபி சுற்றறிக்கை வந்தது, பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும்கூட விடுப்பு என்று. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார விடுப்புக்கு அரசாணையே வந்தது. காகிதத்தில் உரிமை இருக்கிறது. ஆள் இல்லாத ஸ்டேஷனில் அது ‘ஓ.டி. வாங்கிக்கோ’ என்று முடிகிறது. காசு வருகிறது, தூக்கம் வருவதில்லை.

மற்றத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. காவலருக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. கோபத்தை வெளியே கொட்ட வழியில்லாதபோது அது வீட்டில் கொட்டும், அல்லது புகார் கொடுக்க வந்த ஏழை மேல் கொட்டும். மேலதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை வைக்கும் ஆர்டர்லி முறை 1979-இலேயே அரசாணையால் ஒழிக்கப்பட்டது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் அதைக் கேட்டு அதட்ட வேண்டியிருந்தது என்பதே, காகிதத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தைச் சொல்லும்.

சரி, தம்பிக்கு வருவோம். எங்கிருந்து தொடங்குவது என்றால் தூக்கத்திலிருந்து. மனசைப் பற்றிப் பேசச் சம்மதிக்காத காவலர்கூடத் தூக்கத்தைப் பற்றிப் பேசச் சம்மதிப்பார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதற்குச் சமம் என்று பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பே 0.03தான். வண்டிகளை நிறுத்தி ஊதச் சொல்லிக் கேஸ் போட்டுவிட்டு, அதைவிட மோசமான நிலையில் விடியற்காலை டூவீலரில் வீட்டுக்குப் போகிறார் காவலர். நைட் முடிந்ததும் ஸ்டேஷனிலேயே இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டுக் கிளம்புவது உயிர்காக்கும் பழக்கம்.

நைட் டூட்டிக்குப் போகும் முன் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூக்கம். கடைசி டீ, படுக்கப்போகும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு, ஏனென்றால் குடித்த காபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். காலையில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி. வெயில் கண்ணில் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். வீட்டில் ஜன்னலுக்குத் தடித்த துணி, மின்விசிறிச் சத்தம், போன் வேறு அறையில். ஸ்டேஷனிலிருந்து அவசரம் என்றால் மனைவி எண்ணுக்கு வரட்டும். குவார்ட்டர்ஸில் பகல்தூக்கம் கெடுவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாலும் காலிங்பெல்லாலும். கதவில் ‘நைட் டூட்டி’ என்று ஒரு அட்டை தொங்கவிடுவது சின்ன விஷயம், வேலை செய்கிறது. டூட்டி எப்படி மாறினாலும் தினமும் பொதுவாக வரும் ஒரு நாலு மணி நேரத்தைத் தூக்கத்துக்கென்று பிடித்துவைத்துக்கொள்ள முடிந்தால் உடம்பின் கடிகாரம் முழுக்கக் குழம்பாது.

இங்கே பலர் செய்யும் தவறு, மெடிக்கலில் தெரிந்த பையனிடம் தூக்கமாத்திரை வாங்கிப் போடுவது. அல்ப்ரசோலம், குளோனாசெபாம் போன்றவை முதல் வாரம் அற்புதமாக இருக்கும். சில வாரங்கள் தினமும் போட்டால் அது இல்லாமல் தூக்கமே வராது. குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். மறுநாள் பாராவில் துப்பாக்கியோடு நிற்கிறவர் கண் சொக்கிக்கொண்டிருப்பார்.

குடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தினமும் குடிப்பவரைச் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்தவைக்காதீர்கள். நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இல்லாத ஆளைப் பார்ப்பது, நாள் கிழமை தெரியாமல் உளறுவது என்று வந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை, 108-ஐக் கூப்பிட வேண்டும். காலையில் எழுந்ததும் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்றால், நிறுத்துவது மருத்துவமனையில்தான். ஐந்து முதல் பத்து நாள் ஆகும். வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள், நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க என்று விற்கும் மாத்திரையை வாங்கிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது டைசல்ஃபிராம். அது உள்ளே இருக்கும்போது மது போனால் ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நிற்கக்கூடும். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

மருத்துவர் எங்கே? எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள். சொந்த மாவட்ட ஜி.எச்.சில் புறநோயாளி வரிசையில் நிற்கக் கூச்சமாக இருந்தால், அது நியாயமான கூச்சம், அதே வரிசைக்கு நேற்று கைதியை அழைத்து வந்தவர் அவர். பக்கத்து மாவட்டத்துக்குப் போகலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இலிருந்து இருக்கிறது. ஆளை நேரில் பார்க்கும் முன் பேசிப் பார்க்க 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழிலும், காசில்லாமல். பெயர் சொல்லக் கட்டாயமில்லை.

துறைக்குள் இருக்கும் வழிகளும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் உதவியோடு நடந்த காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி காவலருக்கும் குடும்பத்துக்குமானது. அதில் பயிற்சி பெற்று மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் மாவட்டங்களில் இருக்கிறார்கள். சென்னைக் காவல்துறையில் ‘மகிழ்ச்சி’ என்ற பெயரில் குடிக்கும் குடும்பச் சிக்கலுக்கும் மனச்சோர்வுக்கும் ஆலோசனை கொடுக்கும் திட்டம் வந்தது. இவை பயனில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் கணிப்பில் முதல் படியாக வெளியே பார்ப்பதே மேல். மூன்று நாள் பயிற்சி நோயைத் தீர்க்காது, அது அடையாளம் காட்டும். அதோடு, துறைக்குள் ரகசியம் நிற்கும் என்று அவர் நம்பாதவரை வாயைத் திறக்க மாட்டார்.

டாக்டர் அறைக்குள் போவதற்கு முன் ஒரு தாளில் நாலு விஷயம் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்: கடந்த இரண்டு வாரத் தூக்க நேரம், தினமும் எவ்வளவு குடி, டூட்டி எப்படி மாறுகிறது, கையில் ஆயுதம் இருக்கிறதா. கடைசி இரண்டையும் காவலர்கள் சொல்வதே இல்லை, மருத்துவரும் கேட்க மறந்துவிடுகிறார். இரவு மாத்திரை எழுதிக் கொடுத்த நாளில் நைட் ரவுண்ட்ஸ் விழுந்தால் என்ன செய்வது என்பதை அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் முதல் வாரத்தில் குமட்டலும் லேசான படபடப்பும் தரும். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். பலர் பத்தாவது நாளில் “இது வேலைக்காகவில்லை” என்று விட்டுவிடுகிறார்கள், மீதியில் பலர் மூன்றாவது மாதம் “சரியாகிவிட்டது” என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும். அதிர்ச்சி நோய்க்கு மருந்தைவிட முறைப்படியான உளவியல் சிகிச்சைதான் முதன்மை, எட்டு முதல் பன்னிரண்டு அமர்வு வரை. டூட்டியால் அமர்வு தவறிப்போவதே இதில் பெரிய தொல்லை. முதல் நாளே உளவியலாளரிடம் ஷிப்ட் நிலவரத்தைச் சொல்லி நேரம் மாற்றிக் கேட்டுவிட வேண்டும்.

விடுப்பு எடுக்க வேண்டி வந்தால் காகித வேலையைச் சரியாகச் செய்யுங்கள், இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். போனில் ரைட்டரிடம் (ஸ்டேஷன் எழுத்தர்) “உடம்பு சரியில்லை” என்று சொன்னது விடுப்பு ஆகாது. அரசு மருத்துவமனைச் சான்று வாங்கி, விடுப்பு விண்ணப்பத்தோடு சேர்த்து, அதே நாளில் கொடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், முடியாவிட்டால் ஒப்புகையோடு விரைவுத் தபால். ஸ்டேஷன் பொது நாட்குறிப்பான ஜி.டி.யில் ஏறியதா என்று தெரிந்த ஏட்டையா ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சான்றின் காலம் முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே நீட்டிப்போ தகுதிச் சான்றோ கையில் இருக்க வேண்டும். மருத்துவக் குழு முன்னால் ஆஜராகச் சொன்னால் தவறாமல் போக வேண்டும். அதற்குப் பயந்து ஒளிவதுதான் விட்டோடி உத்தரவில் முடிகிறது. போகும்போது பழைய சீட்டுகள் எல்லாம் தேதி வாரியாக ஒரு கோப்பில் இருக்கட்டும்.

இப்போது கடினமான பகுதி. சாவைப் பற்றிப் பேசுகிறாரா, “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு பென்ஷனாவது வரும்” என்கிறாரா, கடன் கணக்கையும் பாஸ்புக்கையும் திடீரென்று ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறாரா, நாள் கணக்கில் தவித்தவர் காரணமில்லாமல் அமைதியாகிவிட்டாரா? நேரடியாகக் கேளுங்கள்: “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவமனை. காவலர் விஷயத்தில் கூடுதலாக ஒரு படி உண்டு, ஆயுதம். பாரா, கன்மேன், கைதி வழிக்காவல் போன்ற பணிகளிலிருந்து சில வாரங்களுக்கு மாற்றி, ஆயுதத்தைப் பெல் ஆஃப் ஆர்ம்ஸ் எனும் ஆயுத அறையில் ஒப்படைக்கவைக்க வேண்டும். இதை இன்ஸ்பெக்டரிடமோ ஆயுதப்படை ரிசர்வ் இன்ஸ்பெக்டரிடமோ (ஆர்.ஐ.) குடும்பமே போய்ச் சொல்லலாம். “குடும்பச் சூழ்நிலை, ஒரு மாதம் ஆயுதமில்லாத டூட்டி போடுங்கள் ஐயா” என்றால் போதும், நோயின் பெயர் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தண்டனையாகக் காட்டாமல் செய்கிற அதிகாரி நல்ல அதிகாரி. இந்த நெருக்கடி பதவி பார்த்து வருவதும் இல்லை. 2023 ஜூலையில் கோவையில் டிஐஜி ஒருவரையே இப்படி இழந்தோம்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தால் கேஸ் வருமே என்ற பயம் போலீஸ் வீட்டிலேயே அதிகம், ஏனென்றால் அவர்களே பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் தற்கொலை முயற்சிப் பிரிவான 309 போட்டுப் பழகியவர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-க்கு நேரான பொதுப் பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வதை மட்டும் 226-ஆம் பிரிவில் வைத்திருக்கிறார்கள். ஆகவே மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்க வேண்டாம்.

இதை வாசிப்பவர் ஒரு நிலைய அதிகாரியாகவும் இருக்கலாம் என்பதால் அந்தப் பக்கமும் கொஞ்சம். ஆள் பற்றாக்குறை உங்கள் கையில் இல்லை, சரி. ஆனால் அடுத்த வார ரோஸ்டரைச் சனிக்கிழமையே ஒட்டுவது உங்கள் கையில். எத்தனை மணி நேரம் என்பதைவிட, எப்போது முடியும் என்று தெரியாததுதான் ஆளை அரிக்கிறது. 28 பேர் இருக்கும் ஸ்டேஷனில் தினம் நாலு பேர் விடுப்பு என்பதுதான் வார விடுப்பின் கணக்கு. நாலு முடியாவிட்டால் மூன்று, ஆனால் சொன்ன மூன்று பேரை ரோல் காலுக்கும் கூப்பிடக் கூடாது. ஷிப்ட் மாற்றம் காலை, மாலை, நைட் என்று முன்னோக்கி ஓடட்டும். நைட் முடித்தவரை அன்று மாலையே பந்தோபஸ்துக்கு அனுப்பினால் அங்கே நிற்பது அவர் உடம்பு மட்டும்தான். திட்ட வேண்டுமானால் அறைக்குள் கூப்பிட்டுத் திட்டுங்கள். வயர்லெஸ் மைக்கில் ஒருவரைத் திட்டினால் மாவட்டமே கேட்கிறது, அவர் பிள்ளையின் பள்ளித்தோழன் அப்பாவும் கேட்கிறார். மும்பையில் 2016-இல் தேவ்நார் காவல் நிலையத்தில் எட்டு மணி நேர டூட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தத் திட்டத்தைப் போட்டுக் கொடுத்தவர் ஒரு சாதாரணக் காவலர். உங்கள் ஸ்டேஷனிலும் ரோஸ்டரை உங்களைவிட நன்றாகப் போடத் தெரிந்த ஏட்டு ஒருவர் கட்டாயம் இருப்பார்.

கோர விபத்துக்கோ கூட்ட நெரிசல் சாவுக்கோ போய்வந்தவர்களை அன்றிரவே வட்டமாக உட்காரவைத்து “என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள்” என்று பேசவைப்பது நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரே அமர்வில் அப்படிக் கொட்டவைப்பது நோயைத் தடுக்காது, சிலருக்கு மோசமாக்கும் என்று ஆய்வுகள் காட்டியபிறகு பல நாடுகளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். குளிக்க நீர், சூடான சாப்பாடு, வீட்டுக்கு ஒரு போன், மறுநாள் பிணவறை டூட்டி இல்லை. அவ்வளவுதான் அன்றைக்குத் தேவை. ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டுத் தூக்கம் எப்படி என்று கேளுங்கள்.

பெண் காவலருக்கு இதெல்லாம் இரட்டிப்பு. பந்தோபஸ்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் நிற்பது, மாதவிடாய் நாளில் பன்னிரண்டு மணி நேரம் சாலையோரம் நிற்பது. 2021 ஜூனில் சாலையோரப் பாதுகாப்புப் பணியிலிருந்து பெண்களுக்கு விலக்கு என்று வந்ததும், மகப்பேறு விடுப்பு முடித்துத் திரும்புவோருக்கு மூன்று ஆண்டுகள் பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் மாவட்டத்தில் பணி என்று 2024 ஆகஸ்டில் அறிவித்ததும் மனநலத் திட்டம் என்ற பெயரில் வரவில்லை. ஆனால் எந்த யோகா வகுப்பைவிடவும் இவை மனநலத்துக்குச் செய்வது அதிகம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று ஒன்று உண்டு என்பதையும் மகளிர் காவல் நிலைய அதிகாரிகள் மனதில் வைக்க வேண்டும், திரும்பி வந்த பெண் ‘முன்னைப்போல் சுறுசுறுப்பாக இல்லை’ என்று மெமோ எழுதும் முன்.

உங்கள் தம்பியிடம் எப்படிப் பேசுவது? நைட் முடிந்து வந்த காலையில் வேண்டாம், குடித்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். விடுப்பு நாளில், இரண்டாவது தூக்கம் முடிந்து எழுந்த பிறகு, வண்டியில் எங்காவது போகும்போது பேசுங்கள், முகம் பார்க்காமல் பேசுவது ஆண்களுக்குச் சுலபம். “நீ மாறிட்ட” என்று தொடங்கினால் விசாரணை மாதிரி ஆகிவிடும். “நீ ராத்திரி தூங்காம நடக்கிறத பாக்குறேன், அத மட்டும் டாக்டர்ட்ட கேட்டுட்டு வருவோம்டா, நானும் வர்றேன்” என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தெந்தக் கிழமை என்பதை நீங்களே முன்கூட்டி விசாரித்து, அவருடைய அடுத்த வார விடுப்பு நாளோடு பொருத்தி வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.